கரிப்புகையும் ஸ்பிரிட்டு வாசமும்

வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆயாக்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று பெரிய நர்ஸம்மா போன வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். வந்தேன். நீங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் என் முகத்தைப் பார்த்தீர்கள். "நல்லா வேலை செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எப்போதும் இப்படித்தான். அன்று சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெட்பேன் கழுவுவது, படுக்கை விரிப்பது எல்லாம் பத்து நாளில் உங்களுக்கே வந்துவிடும். நான் சொல்ல வந்தது லாரியில் அடிபட்டு வருகிறவர்களைப் பற்றி.

நம் சாலையில் அன்றும் லாரி, இன்றும் லாரி. ஏன் அடிபட்டார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. கட்டிலில் கிடந்தவர்கள் சொன்னதுதான். கடலைக்காய் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து சந்தைக்குப் போனவர்கள் விழுவார்கள். விளக்கில்லாத மாட்டு வண்டியில் மாடுகள் பாட்டுக்கு நடக்க, வண்டிக்காரர் தூங்கிக்கொண்டே வருவார். உலகச் சண்டைக் காலத்தில் டயர் கிடைக்காது. ஒட்டுப்போட்டதையே ஓட்டி, அது வெடிக்கும். இரண்டு நாள் தூங்காத டிரைவர் மூன்றாம் நாள் புளியமரத்தைப் போய்க் கட்டிப்பிடிப்பார். காரணங்கள் இவ்வளவுதான்; ஆளும் ஊரும்தான் மாறும்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். அடிபட்டவர் வந்து சேர்ந்த முதல் ஒரு மணி நேரம் பேசுவது ஒன்று. சொந்தக்காரர், முதலாளியின் ஆள், போலீஸ் எல்லோரும் வந்து போன பிறகு பேசுவது வேறு. அந்த முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருப்பது நாம்தான். ஈரத்துணியோடு நிற்கும் நம்மை யாரும் ஆளாக எண்ணுவதில்லை, நாமும் எண்ணிக்கொள்வதில்லை. நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடைக்காததால் லாரிகளைக் கரியில் ஓட்டினார்கள். டிரைவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு நிற்கும். அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையைக் குழாய் வழியாக இன்ஜினுக்கு விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வேடிக்கை பார்க்கும்.

அதே சமயம் நம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. குடித்தவன் அகப்பட்டால் ஜெயில். அதனால் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டுக்கு வந்த மரியாதையைக் கேட்காதீர்கள். கம்பவுண்டர் அதை அலமாரியில் பூட்டிவைப்பார். எவ்வளவு எடுத்தது, எதற்கு எடுத்தது என்று எழுதிவைப்பார். ராத்திரியோ விடிகாலையோ காயத்தோடு ஆள் வந்தால் சாவி அவர் வீட்டில் இருக்கும். ஆகவே நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ஊசி துடைத்து மிச்சமாகிக் கிண்ணத்தில் நிற்கும் ஸ்பிரிட்டைக் கொட்டாமல் பழைய மருந்துக் குப்பியில் சேர்த்து, துணி அலமாரிக்கு அடியில் ஒளித்துவைப்போம். அப்போதிருந்த ஆயாக்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு குப்பி இருந்தது. யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

ஐப்பசி மாதம், தூறல் விடாத ஒரு காலையில் செங்கோடன் என்ற டிரைவரை மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் போட்டுக் கொண்டுவந்தார்கள். மூட்டை ஏற்றிப்போன கரி லாரி மரத்தில் மோதிவிட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. மேலுதடு கிழிந்து, மீசையில் மண்ணும் ரத்தமும் உறைந்திருந்தது. சட்டையெல்லாம் வாந்தி.

டாக்டர் குளித்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மா பக்கத்து ஊருக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். நான்தான் இருந்தேன்.

"தலை கிண்ணுங்குதுங்க ஆயாம்மா" என்றான் செங்கோடன். "காலு கெடக்குது உடுங்க. இந்தத் தலையை என்னமாச்சும் பண்ணுங்க."

நெற்றியில் அடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கால் எலும்பு வெளியே நிற்கும்போது ஒருவன் தலைவலியைப் பற்றிப் பேசுகிறானே என்று ஒரு கணம் தோன்றியது. அதை அப்படியே விட்டுவிட்டேன். டாக்டர் வருவதற்குள் ஆளைப் பார்க்கும்படி ஆக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. சட்டையைக் கழற்றி வெந்நீர்த் தொட்டியில் போட்டேன். குப்பியை எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, உதட்டைச் சுற்றியும் மீசையிலும் கழுத்திலும் நன்றாகத் துடைத்தேன். எரிச்சலில் அவன் கத்தினான். சுத்தமாகிவிட்டான் என்று எனக்குத் திருப்தி.

டாக்டரும் ஏட்டும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். டாக்டர் காலைப் பார்த்தார். ஏட்டு குனிந்து முகத்தை மோந்து பார்த்தார்.

"சார், குப்புன்னு வருது. காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்திருக்கான்."

"குடிக்கலீங்க சாமி" என்றான் செங்கோடன். நாக்கு குழறியது. "கண்ணு சொருகுச்சுங்க. சாலை ரெண்டாத் தெரிஞ்சுதுங்க."

"ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா அதுக்குப் பேரு என்னடா?" ஏட்டு சிரித்தார். "நீயே சொல்லிட்டியே!"

டாக்டரும் குனிந்து பார்த்தார். சாராயம் கிடைக்காத அந்த நாளில் மர வேலைக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறவர்கள் இருந்தார்கள். அதனால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. என் பக்கம் திரும்பி, "வாசம் வருதில்ல?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

வாசம் வந்தது உண்மை. ஏன் வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குப்பியைப் பற்றிச் சொன்னால் வேலை போகும். ஸ்பிரிட்டை வெளியே விற்றேன் என்றுகூடச் சொல்வார்கள். இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் யோசிக்கவே இல்லை. பெரியவர்கள் கேட்டால் தலையாட்டிப் பழகிய கழுத்து, தானாக ஆடிவிட்டது. டாக்டர் 'மது அருந்திய நிலையில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏட்டு ஒரு நகலை வாங்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் அவன் மனைவி நல்லாயி வந்து சேர்ந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமம். கையில் ஒரு மூங்கில் கூடை.

"குடிச்சிருந்தாருன்னு சொல்றாங்களே, மெய்யாலுமாங்க?" என்று என்னைத்தான் கேட்டாள். "கண்ணாலம் பண்ணி இருவது வருசமாச்சுங்க. கள்ளுக் கடை இருந்த காலத்துலயே அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத மனுசனுங்க. பொண்ணுக்குத் தையில கண்ணாலம் வெச்சிருக்குது. இந்தப் பேச்சு சம்பந்தி ஊட்டுக்குப் போனா…" மேலே சொல்லாமல் கூடையைத் திறந்து காட்டினாள். "இதப் பாருங்க. சம்பந்தி ஊட்டுல குடுக்கோணும்னு ரெண்டு கோழி கொண்டுக்கிட்டு வந்தாரு. லாரிக்குள்ள காலுக்குக் கீழ வெச்சிருந்தாருங்க. ரெண்டும் செத்துப்போச்சு."

கூடை நசுங்கவில்லை. கோழிகளின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கொண்டை இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. செத்த கோழியின் கொண்டை கறுத்துப்போகும் என்பது அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் கரிச்சட்டி ஞாபகம் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது என்று கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே கரிச்சட்டி வைக்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அப்படி வைத்த வீட்டிலிருந்து தலைவலி, வாந்தி என்று தாயையும் பிள்ளையையும் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை.

"மழைக்கு லாரியில படுதா கட்டியிருந்தாரா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் சாக்கு கட்டியிருந்துச்சுங்க. நாந்தான் கூடையை எடுக்கறப்ப அவுத்து உட்டேன்."

கரிப்புகைதான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் டாக்டரிடம் போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். கோழிகளைத் தின்ன மனமில்லாமல் நல்லாயி அவற்றை ஆஸ்பத்திரி வேலியோரம் புதைத்தாள்.

மறுநாள் காலை லாரி முதலாளியின் ஆள் வந்தார். சலவை வேட்டி, கையில் எழுதிய காகிதம், மைப் பெட்டி. செங்கோடனுக்கு வலிக்கு ஊசி போட்டிருந்ததால் பாதி மயக்கத்தில் கிடந்தான். ஆள் நல்லாயியிடம் பேசினார்.

"ஏனம்மா, எங்க மொதலாளிக்கு எளகின மனசு. குடிச்சுப்போட்டு வண்டியை ஒடைச்சவனுக்கு எவன் குடுப்பான்? இதுல அவன் கைநாட்டும் உன் கைநாட்டும் வெய்யி. அறுவது ரூவா இப்பவே தாரேன். இல்லீன்னா அதுவும் இல்லே, ஜெயிலுதான்."

"என்னங்க எழுதியிருக்குது?"

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

நல்லாயி காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "ஆயாம்மா, நீங்க படிச்சவங்கதான. பாத்துச் சொல்லுங்க."

படித்தேன். 'நான் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு முதலாளி பொறுப்பல்ல. அவர்மீது எக்காலத்திலும் உரிமை கோர மாட்டேன்.' அந்த ஆள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். படித்ததைச் சொல்ல வரவில்லை. அவரோ செங்கோடனின் கட்டை விரலைப் பிடித்து மையில் வைக்கப் போனார்.

பெண்களே, நமக்கு அதிகாரம் இல்லை என்று நினைப்பீர்கள். ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்பேனை எடுத்தேன். மறைப்புத் துணியைச் சுற்றி இழுத்தேன்.

"ஒதுங்கணும். வெளிய போங்க" என்றேன்.

"மயக்கத்துல கெடக்கறவனுக்கா?"

"மயக்கத்துலதான் வரும்."

கலெக்டரே ஆனாலும் பெட்பேனுக்கு முன்னால் நிற்க மாட்டார். அந்த ஆளும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நல்லாயியிடம், "நான் வர்ற வரைக்கும் யார் வெரல்லயும் மை படக் கூடாது" என்று சொல்லிவிட்டு, துணி அலமாரிக்கு அடியில் கையை விட்டுக் குப்பியை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு நடந்தேன்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். "என்ன?" என்றார். குப்பியை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி எழுதினார். மறுபடி நிமிர்ந்து, "என்ன?" என்றார். குப்பியை மேஜைமேல் வைத்தேன்.

"என்ன இது?"

"அந்த டிரைவர் மீசையில இருந்த வாசமுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். குப்பியைத் திறந்து மோந்தார். மூடியைப் போட்டு மூடி, தள்ளிவைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"வெளியே வித்தியா?"

"இல்லீங்க. காயம் தொடைக்க வெச்சிருந்தது."

"நேத்து நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"வாசம் வருதான்னுதானுங்க கேட்டீங்க."

எதிர்த்துப் பேசினேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதுதான் வந்தது. பிறகு சாக்குப் படுதா, தலைவலி, கரிச்சட்டி, கோழி எல்லாம் தலைகால் இல்லாமல் சொன்னேன். கோழி என்றதும் அவர் எழுந்துவிட்டார். ஏட்டுக்கு ஆள் அனுப்பினார்.

"ஏட்டையா, செங்கோடன் குடிச்சிருந்தான்னு வெச்சுக்குவோம். அந்தக் கோழிங்களுக்கு யாரு ஊத்திக் குடுத்தாங்க?"

ஏட்டு முதலில் இது ஏதோ வேடிக்கை என்று நினைத்தார். பிறகு அவரே மண்வெட்டி பிடித்து வேலியோரம் தோண்டினார். டாக்டர் கோழியை அறுத்துப் பார்த்தார். கழுத்து முறியவில்லை, உள்ளே எந்த அடியும் இல்லை. ரத்தம் அப்போதும் செக்கச்செவேல் என்று இருந்தது. கரிப்புகை ஏறிய ரத்தம் அப்படித்தான் இருக்கும் என்றார். ஏட்டு லாரியையும் போய்ப் பார்த்து வந்தார். அடுப்பிலிருந்து போகும் குழாயில் வெடிப்பு. அதன்மேல் துணியைச் சுற்றிக் களிமண் அப்பியிருந்தது. மயக்கம் தெளிந்ததும் செங்கோடன் சொன்னான்: "ரெண்டு தரம் மொதலாளிகிட்ட சொன்னேனுங்க. இப்போதைக்கு மண்ணை அப்பி ஓட்டுன்னாருங்க."

டாக்டர் முதலில் எழுதியதைக் கிழிக்கவில்லை. "நான் ஏமாந்ததும் அதுல இருக்கட்டும்" என்று சொல்லி, அதற்குக் கீழே நடந்ததையெல்லாம் எழுதினார். என் குப்பியைப் பற்றியும் எழுதினார். பதினைந்து நாள் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. எல்லா ஆயாக்களின் குப்பிகளும் வெளியே வந்தன. ராத்திரிக்கு என்று அளந்து தனியாக ஸ்பிரிட்டு வைக்கும் ஏற்பாடும் வந்தது. அதில் சிலர் என்மேல் கோபமாக இருந்தார்கள்.

சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து செங்கோடனை எலும்புக்குக் கட்டுப்போடும் நாட்டு வைத்தியரிடம் தூக்கிப்போகிறோம் என்றார்கள். தோல் கிழியாத முறிவு என்றால் நான் குறுக்கே பேசியிருக்க மாட்டேன். அந்த வைத்தியத்தில் நன்றாக ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். எலும்பு வெளியே வந்து மண் பட்ட காலுக்கு அது ஆகாது. டாக்டர் சொன்னதை நல்லாயி கேட்டாள். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். கால் போயிற்று, ஆள் நின்றான்.

வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று அப்போதே சட்டம் இருந்தது. குடித்திருந்ததால் பட்ட காயம் என்று ஆகிவிட்டால் கிடையாது. அந்தக் காகிதத்தில் அவசரமாகக் கைநாட்டு கேட்டதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதிலிருந்து மயக்கத்தில் இருக்கிறவர் கையில் யாரையும் மை தொட விட்டதில்லை. லாரியில் வேலை பார்க்கிறவர் இல்லை, வழியில் நடந்துபோய் அடிபட்டவர் என்றால் அவருக்கு வேறு கோர்ட்டு, வேறு வழி. வக்கீலைப் பார்க்கச் சொல்வேன். எதற்குப் போனாலும் எல்லோரும் முதலில் கேட்பது ஆஸ்பத்திரிக் காகிதத்தைத்தான். நாம் துடைத்துப் போட்டது, துவைத்துப் போட்டது அதில் வராது. வாந்திச் சட்டையை வெந்நீரில் போட்டேனே, அதில் கம்பஞ்சோறும் வெங்காயமும்தான் இருந்தன, சாராயம் இல்லை. அதைக் காட்ட என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது டாக்டர் பார்க்கும் வரை ரத்தம் நிற்க அழுத்திப் பிடிப்பேன். அதற்கு மேல் அழகு பார்க்க மாட்டேன்.

நஷ்டஈட்டு விசாரணை பங்குனியில் சேலத்தில் நடந்தது. தையில் நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோயிருந்தது; விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டாராம். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரும் வந்திருந்தார். முதலாளியின் வக்கீல் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன படிச்சிருக்கே?"

"அஞ்சாவதுங்க."

"அஞ்சாவது படிச்ச உனக்கு அது கரிப்புகைன்னு எப்படித் தெரியும்?"

என் பதில் யாருக்கும் கேட்கவில்லை. விசாரித்த அதிகாரி, "சத்தமாச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. அவர் குமாஸ்தாவின் டைப்ரைட்டரை நிறுத்தச் சொன்னார். வராந்தாவில் பேசியவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உன் குரல்லயே சொல்லு, நாங்க கேக்கறோம்" என்றார்.

"கரிப்புகையைப் பத்தி டாக்டருக்குத்தானுங்க தெரியும். செங்கோடன் மீசையில ஸ்பிரிட்டைப் போட்டது நாந்தான்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி அந்த ஆளுகிட்ட வாந்தி வாசம் மட்டுந்தானுங்க இருந்துது."

வக்கீல் இன்னும் ஏதேதோ கேட்டார். நான் அதையேதான் சொன்னேன்.

சில நாள் கழித்துத் தீர்ப்பு சொல்கிறார்கள் என்று நல்லாயி ஆள் அனுப்பினாள். நானும் போனேன். தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. குமாஸ்தா தமிழில் சொன்னார்: டிரைவர் மது அருந்தியிருக்கவில்லை; முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். தொகையையும் சொன்னார். நல்லாயி தொகையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அந்த முதல்ல சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயாம்மா, அதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க. சம்பந்தி ஊட்டுல இங்கிலீசு படிக்கிறவங்க ஆரும் இல்லீங்க."

குமாஸ்தாவிடம் ஒரு காகிதமும் பென்சிலும் வாங்கி, கோர்ட்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். செங்கோடன் கட்டையை ஊன்றிக்கொண்டு குனிந்து பார்த்தான். 'செங்கோடன் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி, அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அன்னைக்குன்னு போடாதீங்க ஆயாம்மா. அப்புறம் மத்த நாளெல்லாம் குடிச்சானான்னு கேப்பாங்க."

நல்லாயி அவனை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வார்த்தையை அடித்துவிட்டு, 'செங்கோடன் குடிக்கிறவர் இல்லை' என்று மறுபடி எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கி மடிக்கப்போய், நிறுத்தினாள்.

"இதை ஆரு சொன்னாங்கன்னு கேட்டா?"

காகிதத்தைத் திரும்ப வாங்கினேன். அதற்குக் கீழே என் பெயரையும், வார்டு ஆயா என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.